ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம்?



2022 யூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவானது. யூலையில் வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. வேலை, சந்தை, பிள்ளையின் ரியூசன் எல்லாவற்றையும் ஒரே ஸ்கூட்டரில் சமாளிக்கும் பெண்கள் அப்போது பட்ட பாடு சொல்லி முடியாது. விலை நம் கையில் இல்லை; ஓட்டும் முறை நம் கையில்தான் இருக்கிறது.

ஹைபிரிட் கார் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை பற்றரியில் சேமிக்கும். நமது ஸ்கூட்டரில் அது வெப்பமாகப் போய்விடும். ஆகவே சந்தியைத் தூரத்தில் கண்டதுமே அக்சிலேற்றரைத் தளர்த்துங்கள். புறப்படும்போது மெதுவாக வேகமெடுங்கள். ரயில் கடவையில் காத்திருக்கையில் எஞ்சினை நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ரயர் காற்றைப் பாருங்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்கவென ஓடும்போது மட்டும் எஞ்சினை நிறுத்த வேண்டாம், அது ஆபத்து.

பெற்றோல் தாங்கியை நிரப்பியதும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மறுமுறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். வாரம் 100 கிலோமீற்றர் ஓடுபவர் 40 கிலோமீற்றரை 50 ஆக்கினால் மாதத்துக்கு 2 லீற்றர் மிச்சம்.

கணக்குத் திடீரெனக் குறைந்தால் கராச்சுக்குக் கொண்டுபோங்கள். "பொம்பிளைகளுக்கு ஓடத் தெரியாது" என்று அங்கே தட்டிக்கழித்தால், கொப்பியை விரித்துக் காட்டுங்கள்.