ஓட்டையை ஒளித்தவர் யார்?

ஒரு வீட்டின் பூட்டு சரியில்லை என்பது தெருக் காவல்காரனுக்குத் தெரிய வருகிறது. வீட்டுக்காரனிடம் அவன் சொல்லவில்லை. "என்றைக்காவது நமக்கு உதவும்" என்று அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி செய்து இடுப்பிலே செருகிக் கொள்கிறான். ஒரு நாள் அந்தச் சாவி களவு போகிறது. தெருவெல்லாம் கொள்ளை போகிறது. பிறகு அதே காவல்காரன் வந்து, "நீ ஏன் நல்ல பூட்டு போடவில்லை?" என்று வீட்டுக்காரனை அதட்டினால் நாம் என்ன சொல்லுவோம்?

இப்படித்தான் நடந்தது, தோழர்களே, 2017-ம் ஆண்டில்!

அந்த ஆண்டு மே 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை, 'வானாக்ரை' என்ற கம்ப்யூட்டர் புழு உலகைச் சுற்றிப் புறப்பட்டது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் அதற்கு இரையாயின. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டன. "300 டாலர் கட்டு, திறந்து விடுகிறோம்" என்ற மிரட்டல் திரையிலே நின்றது.

அதைப் புழு என்பது ஏன்? சாதாரண வைரஸ் பரவ வேண்டுமானால் யாராவது ஒருவர் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். புழுவுக்கு எவர் கையும் வேண்டியதில்லை. ஒரே அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்து கொள்ளும் வழி இருக்கிறதே, அந்த வழியாகவே வானாக்ரை தானாக ஊர்ந்து சென்றது. இதன் வேகம் எப்படிப்பட்டது என்பதை 2003 ஜனவரி 25-லேயே உலகம் பார்த்தது. அன்று கிளம்பிய 'ஸ்லாமர்' புழு, தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகியது. பத்தே நிமிடத்தில் தாக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் நூற்றுக்குத் தொண்ணூறைப் பிடித்து விட்டது. மனிதன் எழுந்து தடுப்பதற்கு அங்கே நேரம் ஏது?

வானாக்ரையின் அடி யார் தலையில் விழுந்தது? பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, பணம் கேட்காமல் ஏழைக்கும் வைத்தியம் செய்வதற்காக 1948-ல் தொடங்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த அனூரின் பெவன் சுகாதார மந்திரியாக இருந்து தொடங்கி வைத்த சேவை அது. இங்கிலாந்தில் அந்தச் சேவையின் ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்று பாதிக்கப்பட்டன. ஐந்து இடங்களில் அவசர நோயாளிகள் தொலைவிலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. சுமார் 19,000 சிகிச்சை நேரங்கள் ரத்தாகியிருக்கும் என்பது அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் கணக்கு. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவன் திரும்பிப் போனான். அவன் செய்த குற்றம் என்ன?

இப்போது கள்ளச்சாவியின் கதைக்கு வருவோம். விண்டோஸில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அதில் நுழையும் ஆயுதத்தைச் செய்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. 'எடர்னல் புளூ' என்பது அதன் பெயர். மக்கள் வரிப்பணத்தில் ஆயுதம் செய்தார்கள். மக்களைக் காக்கும் பொருட்டு வாய் திறக்கவில்லை. அது களவு போயிற்று. 2017 ஏப்ரல் 14-ல் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற மறைமுகக் கூட்டம் அதை ஊரறிய வெளியிட்டது. ராணுவத்தின் ஏவுகணைகளே திருட்டுப் போனதற்கு இது சமம் என்று மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித்தே கண்டித்தார். புழுவை ஏவியது வட கொரியா என்று அமெரிக்கா அந்த டிசம்பரில் குற்றம் சாட்டியது. வட கொரியா மறுத்தது. ஏவியவன் எவனாயினும் கொடியவன்தான். ஆனால் அவன் கைக்குக் கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

"ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் 14-லேயே வந்து விட்டதே, போடாதது ஆஸ்பத்திரியின் தவறுதானே?" என்பார்கள். தவறுதான். யாருடைய தவறு? தாக்குதலுக்கு முன்பே 88 ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் பாதுகாப்பைச் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடத் தேறவில்லை! இது மேலிடத்துக்குத் தெரியாத ரகசியமா? நர்ஸம்மாளா பட்ஜெட் போடுகிறார்? குமாஸ்தாவா கம்ப்யூட்டர் வாங்குகிறார்? பழுது பார்க்கும் செலவை வீண்செலவென்று ஒதுக்கும் அதிகாரம் மேலே. பழி மட்டும் கீழே!

"பகைவனை வேவு பார்க்க இப்படிப்பட்ட ரகசியம் வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். பகைவன் வீட்டில் இருக்கும் அதே பூட்டுதான் நம் வீட்டிலும் இருக்கிறது. அவனுக்கென்று ஓட்டையைத் திறந்து வைத்தால் நமக்கும் அது திறந்தே கிடக்கும்.

வானாக்ரையை முதலில் அடக்கியது எந்த அரசுமல்ல. புழு ஓர் இணைய முகவரியைத் தேடுகிறது, அந்த முகவரி யார் பெயரிலும் இல்லை என்று கண்ட பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர், சொற்பப் பணம் கட்டி அதைப் பதிவு செய்தார். புழுவின் பரவல் ஓய்ந்தது. அதிர்ஷ்டம் இரண்டாம் முறை வரவில்லை. ஜூன் 27-ல் அதே ஆயுதத்தோடு 'நாட்பெட்யா' உக்ரைனில் கிளம்பியது. மார்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு 30 கோடி டாலர் வரை நஷ்டம். மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்கம்பெனி நடத்திய சரக்கு முனையமும் முடங்கியது. அமெரிக்காவில் செய்த சாவி, உக்ரைனில் திறந்த கதவு, நம் துறைமுகத்தில் தேங்கிய சரக்கு!

ஆகவே நாம் கேட்பது மூன்று. எந்த அரசு ஓட்டையைக் கண்டாலும், அதை அடைக்கக் கூடியவருக்கு உடனே சொல்ல வேண்டும். மக்களின் ஆஸ்பத்திரி, ரயில், துறைமுகம் ஆகியவற்றின் கம்ப்யூட்டர் பராமரிப்புக்குத் தனி நிதி வேண்டும். மேலிடத்தின் அலட்சியத்துக்கு ஊழியரைப் பலியிடக் கூடாது.

தோழர்களே, நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் "புதுப்பிக்கவா?" என்று கேட்கும்போது "நாளைக்கு" என்று தள்ளாதீர்கள். உறுப்பினர் பதிவேட்டுக்கும் சந்தாக் கணக்குக்கும் ஒரு நகல் எடுத்து, இணையத்தில் ஒட்டாமல் தனியே வையுங்கள். நம் கதவை நாம் பூட்டிக் கொள்வோம்; சாவியைக் களவு கொடுத்தவரிடம் கணக்கும் கேட்போம்!