விலை கேட்கும் முன் பொருளைப் பாருங்கள்



போன வாரம் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். அவருடைய தாத்தா ஊட்டிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த மூங்கில் தூண்டில் கம்பு ஒன்று அரியலூர் பக்கத்துக் கிராமத்து வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. காயலான் கடைக்காரர் 200 ரூபாய் தருகிறேன் என்றாராம். யூடியூபில் ஒருவர், இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும் என்றாராம். "ஐயா, யாரை நம்புவது?" என்று கேட்டிருந்தார்.

இருவரையும் நம்ப வேண்டாம் என்றேன். அது என்ன பொருள் என்று பார்க்காமலே விலை சொன்னவர்கள் இருவரும். பழசு என்பதாலேயே ஒரு பொருளுக்கு விலை வந்துவிடாது. பழசு என்பதாலேயே அது குப்பையும் ஆகிவிடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நம்மூர்த் தூண்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், மண்புழு. கொள்ளிடக் கரைக்கு அது போதும். படத்தில் இருந்தது வேறு வகை. இறகையும் நூலையும் கட்டி ஈ போலச் செய்த பொய் இரையை ஓடும் தண்ணீரின் மேல் வீசி, டிரவுட் மீன் பிடிக்கும் கம்பு. டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. 1863-இல் பிரான்சிஸ் டே என்பவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், அப்போது கைகூடவில்லை. பின்னால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. ஆகவே இப்படி ஒரு கம்பு ஊட்டியிலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

நீலகிரியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது கண்டதையும், பிறகு படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கம்பின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் முழு மூங்கில். ஆறு பட்டையாக இருந்தால், மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி, பசை வைத்து ஒட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலைக்கு நம் நாட்டு மூங்கில்தான் கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. அதற்குக் 'கல்கத்தா கேன்' என்றே பெயர். பிறகு சீன மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

அடுத்து, பெயரைத் தேடுங்கள். கைப்பிடிக்கு மேலே மையால் எழுதியிருக்கும், அல்லது அடியில் உள்ள உலோக மூடியில் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். இங்கிலாந்தில் 1872-இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம் தன் மூங்கில் கம்புகளுக்குப் 'பாலகோனா' என்று பெயர் வைத்தது. அப்படிப் பெயரும் எண்ணும் இருந்தால் காலத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் மலிவாகச் செய்து, அழகான மரப்பெட்டியில் வைத்து விற்றவையும் ஏராளம். பார்வைக்கு நன்றாக இருக்கும், விலை போகாது.

மூன்றாவது, நிலைமை. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். நுனித்துண்டு மட்டும் குட்டையாக இருந்தால், எப்போதோ ஒடிந்திருக்கிறது என்று பொருள். நல்ல கம்புகளுக்குப் பெரும்பாலும் இரண்டு நுனித்துண்டுகள் கொடுத்திருப்பார்கள். வளைவு, பசை விட்ட இடம், இணைப்புக் குழலின் ஆட்டம் எல்லாம் விலையைக் குறைக்கும். பழைய துணிப்பை இருந்தால் அதையும் வைத்திருங்கள்.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், புது வார்னிஷ் அடிக்காதீர்கள். பளபளப்பாக்குகிறோம் என்று நாமே விலையை அழித்துவிடுவோம்.

விலை என்பது ஒருவர் கேட்கும் தொகை அல்ல; அதே பெயர், அதே நீளம், அதே நிலைமையில் உள்ள கம்பு உண்மையில் விற்ற தொகை. இணைய ஏலத் தளங்களில் விற்று முடிந்த விலைகளைத் தனியாகப் பார்க்கலாம்.

"பெரிய விலைக்கு ஆள் இருக்கிறது, சோதனைக் கட்டணம் மட்டும் முன்பணமாக அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வையுங்கள். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்து ஏமாந்தன என்பதைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அறியாமையை 200 ரூபாய்க்கு வாங்குகிறவர் ஒருவர் என்றால், ஆசையை லட்சம் காட்டி வாங்குகிறவர் இன்னொருவர்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளோடு கட்டி வையுங்கள். விற்பதா வைத்திருப்பதா என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.