அப்பா பாடிய ஏற்றப்பாட்டும் அம்மாவின் பாட்டுப் பெட்டியும்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்து கிரிவலம் போனவங்களுக்கு அந்தப் பெட்டி தெரிஞ்சிருக்கும். பதினாலு கிலோமீட்டர் பாதையில பாதிக் கடையில அதுதான் பாடிக்கிட்டு இருக்கும். செங்கல் அளவு, பென்டிரைவ் சொருக ஒரு ஓட்டை, மெமரி கார்டுக்கு இன்னொன்னு. எங்கம்மாவுக்கும் ஒன்னு வாங்கிக் குடுத்திருக்கேன். மல்லாட்டை உடைக்கும்போது பக்கத்துல அது பாடலைன்னா அவங்களுக்கு வேலை ஓடாது.

அப்பா தவறி ஒரு வருசம் ஆனப்போ அம்மா கேட்டாங்க. "உங்கப்பா பாடுனத போன்ல புடிச்சியே, அத இந்தப் பொட்டியில போட்டுக் குடுடா."

அப்பா சின்ன வயசுல ஏற்றம் இறைச்சவர். இறைச்ச சாலை எண்ணிக்கிட்டே பாடுறதுதான் ஏற்றப்பாட்டு. அது பாட்டும் கணக்கும் சேர்ந்தது. மோட்டார் வந்ததும் அந்தப் பாட்டுக்கு வேலை போயிடுச்சு. எங்க ஊர்ல அதை முழுசா பாடத் தெரிஞ்ச கடைசி ஆள் அப்பாதான். என் பழைய பட்டன் போன்ல மூணு தடவையா, மொத்தம் நாற்பது நிமிஷம் பிடிச்சு வச்சிருந்தேன்.

கார்டை எடுத்துப் பெட்டியில போட்டா சத்தமே இல்லை. பெட்டிக்குத் தெரிஞ்சது எம்பி3 மட்டும். என் போன் பிடிச்சதோ ஏஎம்ஆர்.

டவுன்ல ஒரு செல்போன் கடைக்குப் போனேன். "அஞ்சு நிமிஷம்ணே, கன்வெர்ட் பண்ணிடலாம்"னார் தம்பி. அம்பது ரூபாய். இடம் அடைக்குதேன்னு பழைய ஃபைலை அழிக்கட்டுமான்னு கேட்டார். நானும் யோசிக்காம தலையாட்டினேன்.

வீட்டுல போட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "இன்னாடா, கெணத்துக்குள்ள இருந்து பாடுறாரு?"

என்ன நடந்ததுன்னு சென்னையில இருக்கிற என் அக்கா மகன் அப்புறம் சொன்னான். ஏஎம்ஆர் என்பது செல்போன் பேச்சுக்காகச் செய்தது. ஒரு நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்கு இழுபறிதான். அப்படி ஏற்கெனவே சுருங்கிய குரலைக் கடைக்காரர் இன்னும் குறைவான பிட்ரேட்டில் எம்பி3 ஆக்கியிருக்கிறார். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். போனது திரும்பாது. அதையே இப்போ 320க்கு மாற்றினாலும் ஃபைல்தான் பெருக்கும், குரல் தெளியாது. மல்லாட்டையை செக்குல ஆட்டினா எண்ணெய் வரும், அந்த எண்ணெயிலிருந்து மல்லாட்டை வராதில்லையா? அதனாலதான் எந்த சம்சாரியும் விதைக்குன்னு ஒரு மூட்டை எடுத்து வைக்காம மொத்தத்தையும் செக்குக்கு அனுப்ப மாட்டான். நான் அனுப்பிட்டேன்.

வயிற்றெரிச்சல் என்னன்னா, இடத்தை அடைக்குதுன்னு நாங்க அழிச்ச அந்த நாற்பது நிமிஷமும் சேர்ந்து நாலு எம்பி கூட வராதாம். இன்னைக்கு ஒரு மாட்டைப் போட்டோ எடுத்தாலே அவ்வளவு ஆகுது.

கன்வெர்ட் பண்ணாதீங்கன்னு நான் சொல்லலை. பண்ணித்தான் ஆகணும். எம்பி3க்கான காப்புரிமை உரிமத் திட்டத்தை 2017லேயே முடிச்சிட்டாங்க. ஓபஸ் 2012லேயே பொதுத் தரமாகி, யாருக்கும் காசு கட்டாம பயன்படுத்துற மாதிரி இருக்கு. வாட்ஸப்ல நீங்க அனுப்புற குரல் எல்லாம் அதுலதான் வருது. இருந்தும் இந்தப் பெட்டி செய்றவங்களுக்கு அதைச் சேர்க்க மனசு வரலை. வயசானவங்க கையில இருக்கிறது இந்தப் பெட்டிதான். அதனால மாற்றுங்க. விஎல்சி, ஆடாசிட்டி ரெண்டும் இலவசம், வீட்டுலயே செய்யலாம். பேச்சுன்னா மோனோவுல 64 போதும். 8,000 மாதிரியிலேயே விட்டுட்டா சில பெட்டி பாடாது, 44,100 வச்சுடுங்க. பென்டிரைவ் ஃபேட்32ல இருக்கட்டும். ஆனா மூல ஃபைலை ரெண்டு இடத்துல வச்சுட்டு அப்புறம் கை வைங்க. ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டி பேசினது உங்க ஐபோன்ல எம்4ஏவா கிடந்தா அதுக்கும் இதேதான். கடைக்காரர் கேட்டா தலையாட்டாதீங்க. அவர் மேல எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அது இன்னொரு ஃபைல்.

எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். எப்பவோ ப்ளூடூத்தில் சித்தப்பா மகனுக்கு அனுப்பியிருக்கேன். அவன் வீட்டுப் பரண்ல, பேட்டரி உப்பிப்போன போனுக்குள்ள அந்தக் கார்டு இருந்துச்சு. மூணுல ரெண்டு கிடைச்சுது. அக்கா மகன் அதைப் பொறுமையா மாற்றிக் குடுத்தான். மூணாவது, நூறு சாலுக்கு மேல எண்ணுற பகுதி, கடையில மாற்றின எம்பி3 மட்டும்தான் இருக்கு.

அம்மா மூணையும் போடச் சொல்றாங்க. மூணாவது வரும்போது பெட்டியைத் தூக்கிக் காதுகிட்ட வச்சுக்கிறாங்க.