லாஞ்ச் முடிந்தது... சாட்டிலைட்டோடு யார் பேசுவது? கல்லூரி செயற்கைக்கோள்களின் மறுபக்கம்

'கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய செயற்கைக்கோள் விண்ணில் பாய்ந்தது' என்ற தலைப்பை நீங்கள் பல தடவை பார்த்திருப்பீர்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும். கல்லூரி ஆடிட்டோரியத்தில் கைதட்டல் கேட்கும். அடுத்த அட்மிஷன் சீசனில் பிரோஷர் அட்டையில் அந்தப் படம் வரும். ஆனால், அந்த சாட்டிலைட் மறுவாரம் வேலை செய்ததா, மறுவருஷம் யார் அதோடு பேசினார்கள் என்பது பெரும்பாலும் செய்தியாக வருவதே இல்லை.

மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தில் பாதி அந்த வராத செய்தியில்தான் இருக்கிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

இந்த ஐடியா எங்கே ஆரம்பித்தது?

1999-ல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் ஒரு அளவை முன்வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாப் ட்விக்ஸ், கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரி. 10 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு பெட்டி, எடை சுமார் ஒரு கிலோ. இதுதான் 'கியூப்சாட்'.

பெரிய செயற்கைக்கோள் ஒன்றை முடிக்கப் பல வருஷம் ஆகும். அதற்குள் மாணவர் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுவார். டிசைன் செய்வது, கட்டுவது, டெஸ்ட் செய்வது, விண்ணில் இயக்குவது என நான்கையும் ஒரே மாணவர் தன் படிப்புக் காலத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் கியூப்சாட்டின் நோக்கம். அந்த நான்கில் கடைசியான 'இயக்குவது' எப்படியோ கொண்டாட்டத்தில் காணாமல் போய்விட்டது.

நம்ம ஊர் கணக்கு என்ன?

இந்தியாவில் இந்தக் கதை தமிழ்நாட்டில் இருந்துதான் தொடங்குகிறது. 2009 ஏப்ரல் 20-ல் பி.எஸ்.எல்.வி. சி12 ராக்கெட்டில் போன 'அனுசாட்', இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். 40 கிலோ எடை. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அதற்கான தரைக்கட்டுப்பாட்டு நிலையமும் இருந்தது.

பிறகு வரிசையாக வந்தன. 2010-ல் கர்நாடகா, ஆந்திராவைச் சேர்ந்த ஏழு கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து செய்த 'ஸ்டட்சாட்'. 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட். 2016-ல் ஒன்றரை கிலோ எடையில் சத்யபாமாசாட். 2017-ல் கன்னியாகுமரி மாவட்டம் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட். 2021 பிப்ரவரியில் பி.எஸ்.எல்.வி. சி51 சுமந்துபோனவற்றில் ஸ்ரீபெரும்புதூர், கோவை, நாக்பூர் கல்லூரிகளின் சிறு சாட்டிலைட்களும் இருந்தன.

பெருமைப்பட வேண்டிய பட்டியல்தான். ஆனால், இதில் எழுதியிருப்பதெல்லாம் ஏவிய தேதி. எத்தனை நாள் இயங்கியது, எவ்வளவு டேட்டா வந்தது, எதனால் நின்றது என்று இதேபோல ஒரு பட்டியலை எளிதாகத் தேடி எடுக்க முடியாது.

ஏவிய பிறகு என்னதான் நடக்கும்?

500 முதல் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு சின்ன சாட்டிலைட் நொடிக்கு சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 சுற்று.

ஆனால், சென்னையில் இருக்கும் ஒரு ஆன்டெனாவுக்கு அதில் நாலைந்து சுற்றுகளில்தான் அது கண்ணில் படும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பத்து நிமிஷம். இதற்குப் பெயர் 'பாஸ்'. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஆன்டெனாவை வானத்தில் சாட்டிலைட் ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டு போக வேண்டும். கூடவே அலைவரிசையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும், கடந்து போனதும் தணிந்தும் கேட்குமே, அதே டாப்ளர் விளைவுதான் இங்கும். 437 மெகாஹெர்ட்ஸில் பேசும் சாட்டிலைட்டின் சிக்னல், வரும்போதும் போகும்போதும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது எவ்வளவு? நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் பேசும் ஒரு மாணவர் சாட்டிலைட், ஒரு முழு பாஸ் நேரமும் தடையில்லாமல் பேசினால்கூட 90 கேபி-தான் வரும். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் ஒரு போட்டோ பெரும்பாலும் இதைவிடப் பெரியது.

அதனால் ஒவ்வொரு பாஸுக்கும் முன்னாடியே முடிவெடுக்க வேண்டும். முதலில் பேட்டரி வோல்டேஜ் கேட்பதா, படம் கேட்பதா? சிக்னல் வரவில்லை என்றால் கோளாறு மேலே இருக்கிறதா, நம்ம கேபிளில் இருக்கிறதா? எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லித்தர முடியாது. விண்வெளி நிறுவனங்களில் 'மிஷன் ஆபரேஷன்ஸ்' என்ற வேலையில் இருப்பவர்கள் தினமும் செய்வது இதைத்தான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பல்கலைக்கழக சாட்டிலைட்கள் ஏன் தோற்கின்றன என்பதைத் தொடர்ந்து எழுதிவருபவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஸ்வார்ட்அவுட். முதல் நூறு கியூப்சாட்களை அலசி அவர் 2013-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் பலரும் மேற்கோள் காட்டுவது.

முதல்முறை சாட்டிலைட் செய்யும் கல்லூரிகளின் முயற்சிகளில் கணிசமானவை விண்ணுக்குப் போன உடனேயே தோற்றுவிடுகின்றன. பல சாட்டிலைட்கள் ஒரு தடவைகூடப் பேசுவதில்லை. அவர் சுட்டும் முக்கியக் காரணம் ராக்கெட் சயின்ஸ் அல்ல, டைம் மேனேஜ்மென்ட். ராக்கெட்டில் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கும்போது, எல்லா பாகங்களையும் சேர்த்து, விண்ணில் இயக்குவதுபோலவே தரையில் இயக்கிப் பார்க்கும் டெஸ்ட்தான் முதலில் வெட்டுப்படுகிறது. புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி டெமோ ஓடுகிறதா என்று மட்டும் பார்த்த யாருக்கும் இது புரியும்.

தோற்றதைத் தோற்றது என்று கணக்கில் எழுதியதால்தான் அடுத்து வந்தவர்களுக்கு இந்தப் பாடம் கிடைத்தது. நம்ம கல்லூரிகளுக்கான ரேங்கிங்கில் ஜர்னல் கட்டுரைக்கும் பேட்டன்டுக்கும் இடம் இருக்கிறது. 'எங்கள் சாட்டிலைட் ஏன் பேசவில்லை' என்ற ரிப்போர்ட்டுக்கு அங்கே மார்க் கிடையாது. அப்புறம் யார் எழுதுவார்கள்?

சீனியர் போனதும் என்ன ஆகும்?

ஐ.ஐ.டி. பாம்பே மாணவர்கள் 2007-ல் தொடங்கிய 'பிரதம்' சாட்டிலைட் 2016 செப்டம்பர் 26-ல்தான் விண்ணுக்குப் போனது. ஒன்பது வருஷம். பி.டெக். நான்கு வருஷம் என்றால், ஆரம்பித்தவர்கள் வேலையில் செட்டில் ஆன பிறகு, வேறு பேட்ச் மாணவர்கள் அதை முடித்திருக்கிறார்கள். இப்படிக் கைமாறும் புராஜெக்டில் சர்க்யூட் போர்டுக்கு இணையாக முக்கியமானது எழுத்து. இந்த ரெசிஸ்டர் ஏன் மாற்றப்பட்டது, அந்த டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆனது என்று சீனியர் எழுதி வைக்காவிட்டால் ஜூனியர் அதே தப்பை முதலில் இருந்து செய்வார். அந்த அணி பிற கல்லூரிகளையும் தரை நிலையம் அமைக்கச் சேர்த்துக்கொண்டது, சாட்டிலைட் செய்வது பற்றிய குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி இணையத்திலும் வைத்தது.

எழுதி வைப்பது போரடிக்கும் வேலை. அதற்கு இன்டர்னல் மார்க்கோ, கிரெடிட்டோ இல்லை என்றால், பிளேஸ்மென்ட் சீசனில் யாரும் செய்ய மாட்டார்கள். இது மாணவர் சோம்பல் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. கல்லூரியின் ஏற்பாட்டில் உள்ள ஓட்டை இது.

ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடும்?

சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி இருக்கும். ஆனால், காலை ஒன்பதரை மணிவாக்கில் ஒரு ஊரைக் கடக்கும் சூரிய ஒத்திசைவுப் பாதை சாட்டிலைட், இரவிலும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் கடக்கும். பகல் பாஸ் வகுப்பு நேரத்தில் வரும். ராத்திரி பாஸ் ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்தில் வரும்.

பல கல்லூரிகளில் மாணவிகள் விடுதி, மாணவர்கள் விடுதியைவிட முன்னாடியே மூடப்படுகிறது. அப்படியானால் ராத்திரி ஷிஃப்டில் கன்ட்ரோல் ரூமில் உட்காருவது யார்? பூஜையில் விளக்கேற்றும் படத்தில் மாணவிகள் இருந்தும், சாட்டிலைட்டோடு பேசும் நாற்காலியில் அவர்களுக்கு இடமில்லை என்றால் அந்தப் பயிற்சி பாதிப் பேருக்கு இல்லை என்று அர்த்தம். வருகைப்பதிவு, கேட் நேரம் போன்ற விதிகள்தான் யார் விண்வெளி இன்ஜினீயர் ஆகிறார் என்பதைச் சத்தமில்லாமல் முடிவு செய்கின்றன.

நன்றாக நடந்தால் எப்படி இருக்கும்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் 'டெல்ஃபி-சி3' 2008 ஏப்ரல் 28-ல் நம்ம பி.எஸ்.எல்.வி. சி9 ராக்கெட்டில், ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்துதான் போனது. அதில் பேட்டரியே கிடையாது. வெயில் படும்போது மட்டும் பேசும். உலகம் முழுக்க உள்ள ஹாம் ரேடியோ ஆர்வலர்களுக்கு அந்த அணி ஒரு சாஃப்ட்வேரைக் கொடுத்தது. தங்கள் ஊர் மேலே சாட்டிலைட் போகும்போது அவர்கள் சிக்னலைப் பிடித்து டெல்ஃப்டுக்கு அனுப்பினார்கள். 2023 நவம்பரில் வளிமண்டலத்தில் எரிந்து முடிக்கும்போது அது விண்ணில் 15 வருஷத்தைத் தாண்டியிருந்தது.

அப்போ என்ன செய்யலாம்?

'முதலில் சாட்டிலைட் செய்யட்டும், மற்றது பிறகு' என்று சிலர் சொல்லலாம். லாஞ்ச் தரும் உற்சாகம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், வரிசையைத் திருப்பிப் போடுவதே புத்திசாலித்தனம்.

ஒன்று, தரை நிலையத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். சில ஆயிரம் ரூபாய் எஸ்.டி.ஆர். ரிசீவர், மொட்டை மாடியில் ஒரு யாகி ஆன்டெனா, ஒரு லேப்டாப் போதும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் சாட்டிலைட்களின் சிக்னலைப் பிடிக்கலாம். 'சாட்நாக்ஸ்' போன்ற திறந்தநிலை வலையமைப்பில் இணையலாம். திரும்பப் பேச வேண்டும் என்றால் மாணவர்கள் ஹாம் உரிமத் தேர்வு எழுத வேண்டும். சொந்த சாட்டிலைட் இல்லாத மாவட்டக் கல்லூரியாலும் இது முடியும்.

இரண்டு, லாக்புக் எழுதுவதற்கும் பாஸ் ஷிஃப்டுக்கும் கிரெடிட் கொடுக்க வேண்டும். ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு, மாணவி என்றாலும் மாணவர் என்றாலும், கேட் நேரத்திலும் வருகைப்பதிவிலும் விலக்கு வேண்டும்.

மூன்று, தோல்வி ரிப்போர்ட்டை வெளியிட வேண்டும். ஏவிய ஒரு வருஷத்துக்குள், சாட்டிலைட் பேசியதோ இல்லையோ, என்ன நடந்தது என்று பொதுவெளியில் எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். மாணவர் சாட்டிலைட்களுக்கு ராக்கெட்டில் இடம் கொடுப்பவர்களே அதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம்.

உங்கள் கல்லூரி அடுத்து ஒரு சாட்டிலைட் அறிவித்தால் கைதட்டுங்கள். கூடவே, ராத்திரி பாஸுக்கு யார் ஷிஃப்ட், லாக்புக் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.