வெயில் கிரீம் வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்



சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மறுநடவுக் காட்டில் உரம் போடும் ஒரு சகோதரி கைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "இதப் போட்டா வெயிலும் படாது, மங்கும் போயிடும்னு பசார் மாலாம்ல சொல்லிக் கொடுத்தாங்கண்ணே. ஒரு வாரம் நல்லா வெளுத்துச்சு. இப்ப எரியுது" என்றார். இரண்டு கன்னமும் சிவந்து தோல் உரிந்திருந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அழகான ஒரு பெண்ணின் படம் இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

வெயில் கிரீம் என்றால் பட்டணத்துப் பெண்களின் அலங்காரச் சாமான் என்று சிரிக்கும் ஆண்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டணத்துப் பெண் பகலெல்லாம் ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பால்மரக் காட்டிலாவது நிழல் உண்டு. மறுநடவுச் செம்பனையிலும் நாற்றுமேடையிலும் ஒதுங்க எங்கே இடம்? நம் நாட்டில் நண்பகலில் புற ஊதாக் கதிரின் அளவெண் 11ஐத் தொடுவது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 11 என்பதே மிகக் கடுமையான கடைசிப் படி.

நம் கறுத்த தோலுக்கு இயற்கையாகவே ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான். வெள்ளைக்காரருக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்றுநோய் நமக்கு வருவதில்லை. ஆனால் மங்கும் கரும்புள்ளியும் நம் தோலில்தான் எளிதாக வந்து நிலைத்துவிடுகின்றன. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் வரும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முன்பக்கத்தில் எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் இருக்கும். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரில் 15 என்பது நூற்றுக்கு 93 பங்கையும், 30 என்பது 97 பங்கையும், 50 என்பது 98 பங்கையும் தடுக்கும். இது பரிசோதனைக் கூடத்தில் தடிமனாகப் பூசிப் பார்த்த கணக்கு. நாம் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆகவே 30க்குக் குறையாமல் வாங்குங்கள், 50 கிடைத்தால் நல்லது, அதற்கு மேல் 100 என்று போட்டிருப்பதற்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள். பக்கத்தில் பி.ஏ. என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருக்கும். தோலை ஆழத்தில் கறுக்க வைக்கும் கதிருக்கானது அது. மூன்று கூட்டலாவது இருக்கட்டும்.

முக்கியமான விஷயம் பின்பக்கத்தில்தான். அங்கே சேர்மானங்கள் அதிக அளவு உள்ளதிலிருந்து குறைந்த அளவு உள்ளது வரை வரிசையாக இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஸிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு இரண்டும் கனிமப் பொடிகள். தோலில் எரிச்சல் உண்டாக்குவது குறைவு. 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவில், பாதுகாப்புக்குப் போதிய சான்று உள்ளவை என்று ஒப்புக்கொண்டது இவ்விரண்டைத்தான். மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை கெடுதல் என்று அது சொல்லவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்றது. குறை என்னவென்றால், நம் முகத்தில் சாம்பல் அப்பியது போலத் தெரியும். பாதிப் பேர் ஒரே நாளில் விட்டுவிடுவதற்கு அதுதான் காரணம். இதற்கு வழி உண்டு. தோல் நிறச் சாயம் கலந்ததைக் கேளுங்கள். சேர்மானத்தில் அயர்ன் ஆக்ஸைடு என்றோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்றோ இருக்கும். வெளுப்பு தெரியாது. அதோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும் மங்கு கூடும். அதைத் தடுப்பதற்கு உதவுவது இந்த இரும்புச் சாயம்தான். என்னைக் கேட்டால், மங்கு உள்ளவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு வகை ரசாயன வடிகட்டிகள். அவோபென்ஸோன், எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட், பென்ஸோபீனோன்-3 என்று பெயர்கள் வரும். பூசினால் வெளியே தெரியாது, லேசாக இருக்கும். ஆனால் வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனால் எரியும். தலைக்கு மேலே அரிவாளைத் தூக்கிக் குலை வெட்டுகிற தோழருக்கு, குலை விழுகிற நேரத்தில் கண் கலங்கினால் என்ன ஆகும்? இதை எந்த விளம்பரக்காரனும் யோசிப்பதில்லை. பென்ஸோபீனோன்-3 சிலருக்கு ஒவ்வாமையும் தரும். வாசனைப் பொருளும் அப்படித்தான், வாசனை இல்லாததே நல்லது. எண்ணெய் வடியும் முகத்துக்கும் பரு உள்ளவர்களுக்கும் ஜெல் வகை, வறண்ட தோலுக்குக் கிரீம் வகை. வியர்வையில் நிற்க வேண்டுமே, ஆகவே நீரில் கரையாத வகை என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டுப் பிறகு முகத்துக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம், நிழலில் வையுங்கள். பெடாக் செஜுக், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் நம்பி வெயிலில் நிற்க முடியாது.

மருந்தடிக்கும் சகோதரிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். சில சன்ஸ்கிரீன்கள் 2,4-டி என்ற களைக்கொல்லி தோலுக்குள் புகுவதை அதிகமாக்குவதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே மருந்தடிக்கிற நாளில் கிரீமை நம்பாதீர்கள். முகக் கவசம், கையுறை, நீளக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், இவைதான். மற்ற நாளிலும் துணிதான் முதல் காவல். நம் பாட்டிமார் துண்டைச் சுற்றி அதன் மேல் தொப்பி வைத்துப் போனார்களே, அது எந்த டியூப்புக்கும் குறைந்ததல்ல.

அந்தச் சகோதரியின் டப்பாவுக்கு வருவோம். வெளுக்க வைக்கும் கள்ளக் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் கலந்திருப்பதை நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவர் தொடுகிற பிள்ளைக்கும் போகும். டிரெட்டினாயின் தோலை உரித்து, வெயில் இன்னும் அதிகமாகச் சுடும்படி செய்யும். வெயிலுக்குப் பூசியதே வெயிலுக்குக் காட்டிக் கொடுக்கிற கதை! சட்டப்படி விற்கும் கிரீமுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. என்.பி.ஆர்.ஏ.யின் இணையப் பக்கத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அந்த எண் கம்பெனி தானே கொடுத்த அறிவிப்புக்கு உரியது. விற்குமுன் அரசாங்கம் சோதித்துப் பார்த்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

கடைசியாகக் காசு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், ஏறக்குறைய ஒரு கிராம். வியர்த்து வழிந்த பின் மறுபடி ஒரு முறை. வெயிலில் நிற்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை பூச வேண்டும், அதை விடுங்கள். நாளுக்கு இரண்டு கிராம் என்றாலே 50 கிராம் டியூப் 25 நாளில் தீர்ந்துவிடும். டியூப் 30 வெள்ளி என்றால் கணவன் மனைவி இருவருக்கும் 60 வெள்ளி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் இது சின்னத் தொகையா? 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, முதலாளி தரவேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. நிழலில்லாக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தொப்பி, நீளக்கைச் சட்டையோடு இந்தக் கிரீமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும், வெயில் ஏறுமுன் வேலை முடியும்படி பிரட்டு நேரமும் மாற வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த பேச்சுவார்த்தையில் இதை வைக்கும்படி உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரியைக் கிளினிக்குக்கு அனுப்பினோம். டப்பாவையும் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில் இருக்கிற கிரீம்களை எடுத்து வாருங்கள். என் கண்ணாடியையும் கொண்டு வருகிறேன், உட்கார்ந்து படிப்போம்.