சிலையும் சமாதானமும்

அண்டை தேசங்கள் பகைமை நீங்கி வாழ வேண்டுமென்று யாராவது சொன்னால், "அது நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களே நம்மில் அதிகம். அவர்களுக்குத் தென்னமெரிக்க விருத்தாந்தம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே ஆண்டீஸ் மலைத்தொடர் நிற்கிறது. எல்லை வழக்கினால் இரு தேசங்களும் யுத்தக் கப்பல்களை வாங்கிக் குவித்து வந்தன. 1902-இல் புத்தி தெளிந்து, கடற்படையைக் குறைக்க உடன்பட்டன; பிரிட்டிஷ் மன்னர் அளித்த எல்லைத் தீர்ப்பையும் ஏற்றன. 1904 மார்ச்சு 13-ந் தேதி, மலைக் கணவாயொன்றில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், சமாதானச் சின்னமாக ஏசுநாதர் சிலையை நிறுவின.

ஆனால் சிலை மட்டும் சமாதானத்தைக் காத்துவிடுமா? தென்கோடியில், பீகிள் கால்வாயின் முகத்தில், பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா என்ற சிறு தீவுகள் இருக்கின்றன. அவை சிலிக்கே உரியவை என்று 1977-இல் மத்தியஸ்தர் தீர்ப்பளித்தனர். மறு வருஷம் அர்ஜென்டினா அதைத் தள்ளிவிட்டது. இரு தேசங்களிலும் அப்போது ராணுவ ஆட்சி. 1978 டிசம்பரில் யுத்தம் வாசற்படிக்கே வந்துவிட்டது.

அச்சமயம் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கார்டினல் அந்தோனியோ சமோரே என்ற முதியவரைத் தூது அனுப்பினார். அவர் இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிச் சென்று பேசினார். 1979 ஜனவரி 8-ந் தேதி, பலாத்காரத்தில் இறங்குவதில்லையென்று இருவரும் கையெழுத்திட்டனர். பிறகும் பேச்சு வருஷக் கணக்கில் நீண்டது. முடிவைக் காணாமலே 1983-இல் சமோரே காலமானார். அவ்வருஷக் கடைசியில் அர்ஜென்டினாவில் ஜனநாயகம் திரும்பிற்று. புதிய சர்க்கார் 1984 நவம்பர் 25-ந் தேதி ஜனங்களையே அபிப்பிராயம் கேட்டது. வாக்களித்தவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் சமாதானத்தை ஆதரித்தார்கள். நான்கு நாட்களில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

தீவுகள் யாருக்குப் போயின? முன்பு தீர்ப்புச் சொன்னபடி சிலிக்கே! அர்ஜென்டினாவுக்கு அட்லாண்டிக் பக்கத்துக் கடலுரிமை உறுதியாயிற்று. முன்னர் அவமானமாகத் தோன்றியதை இப்போது எப்படி ஏற்றார்கள்? வரப்புத் தகராறு கண்ட நமது கிராமத்தாருக்கு விடை தெரியும். கோர்ட்டுத் தீர்ப்பினால் மூளும் வன்மம், பெரியவர் ஒருவர் இரு வீட்டுத் திண்ணையிலும் பொறுமையாக உட்கார்ந்து பேசினால் தணிவதுண்டு. வீட்டாரையும் கலந்துகொண்டால், முடிவு நிலைக்கும்.

இன்று அவ்விரு தேசங்களின் எல்லையிலுள்ள கணவாயொன்று சமோரேயின் பெயரைத் தாங்குகிறது. ஜனங்கள் அதன் வழியே போய் வருகிறார்கள். சமாதானத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் நமக்குத் தோன்றவில்லை.