டைல் தரையில் காய்ந்த பசை



"முப்பது வருடம் லயத்துச் சிமெந்துத் தரையில் வாழ்ந்தோம். என் வீட்டுக்காரர் சேமநிதிப் பணத்தில் சொந்த வீட்டுக்கு டைல் போட்டார். இரண்டே மாதத்தில், குழாய் ஒட்டுகிறேன் என்று மகன் பசையைக் கொட்டிவிட்டான். கத்தியால் சுரண்டியும் போகவில்லை" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

முதலில் அந்தக் கத்தியைக் கீழே வையுங்கள் அம்மா! நானும் ஒரு காலத்தில் இரும்பு நாரால் தேய்த்தவள்தான். பசை போனது, கூடவே டைலின் பளபளப்பும் போனது. அந்தக் கீறல்களில் அழுக்குச் சேர்ந்து கறுத்துவிட, இன்றும் அதன்மேல் ஒரு பாயை விரித்து வைத்திருக்கிறேன்.

இது கஞ்சிப் பசை அல்ல. இரண்டு டியூப்களில் வரும் எபோக்சிப் பசை. ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுகச் செய்யும் மருந்து. இரண்டும் கலந்து இறுகிவிட்டால் தண்ணீரிலும் சோப்பிலும் கரையாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. கறை போகாது, வீடுதான் பற்றிக்கொள்ளும்.

கொட்டியவுடனே பார்த்துவிட்டால் கவலையில்லை. பழைய அட்டையால் வழித்தெடுத்து, மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் இருப்பதால், மகனைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டதென்றால் சூடுதான் கைகொடுக்கும். துணியை மடித்துக் கறைமேல் போட்டு, முதலில் வெதுவெதுப்பான நீரும் பிறகு சுடுநீரும் ஊற்றுங்கள். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் டைல் விரிசல் விடலாம். வீட்டில் புழங்கும் பசைகளில் பெரும்பாலானவை சூட்டில் இளகும். இளகியதும் பிளாஸ்டிக் கரண்டியின் ஓரத்தைப் படுக்க வைத்துத் தள்ளுங்கள். ஆறிவிட்டால் மறுபடியும் சூடு. நாலைந்து முறைகூட ஆகலாம்.

அதற்கும் அசையாவிட்டால், டைல் நன்றாக ஆறிய பிறகு, அசெட்டோன். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். நகச்சாயம் அழிக்கும் மருந்திலும் உண்டு. ஆனால் அசெட்டோன் இல்லாத வகையும் விற்கிறார்கள், போத்தலைப் படித்து வாங்குங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிறகு நனைத்த பஞ்சைக் கறைமேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுச் சுரண்டுங்கள். இதுவும் பெட்ரோலைப் போலக் குப்பென்று பற்றும். அடுப்பு, ஊதுவத்தி, சாமி விளக்கு, வீட்டுக்காரரின் சிகரெட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். வெளுப்பு மருந்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுப் பொருள் உண்டாகும்.

டைல்களுக்கு இடையிலுள்ள வெள்ளைச் சிமெந்தில் ஊறிய பசை இப்படியெல்லாம் வராது. அந்த இடத்தை மட்டும் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.

கையில் பசை பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கைதானே என்று நினைக்காதீர்கள்; சிலருக்குத் தோலெல்லாம் தடித்து அரிப்பெடுக்கும். கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.